"கண்டிப்பா காட்டுறோம்"னு விக்காதீங்க: அரிய பறவை டூர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அரிய பறவைகளைக் காட்டுறதுக்குன்னே டூர் நடத்துறவங்களுக்கும், அந்த டூர்களுக்கு கைடா வர்றவங்களுக்கும்,

உங்கள்ல ஒருத்தர் அடுத்த சீசனுக்கு போட்டிருக்கிற அறிவிப்பைப் பார்த்துட்டுதான் இதை எழுதுறேன். "கூட்டோட பார்க்கலாம், நூறு சதவீதம் உத்தரவாதம், பறவை தெரியலன்னா பாதிப் பணம் வாபஸ்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. அதே பறவை, அதே இடம். போன சீசன்ல அந்த இடத்துல ஒரு கூடு கண்ணு முன்னாடி கெட்டுப்போனதை பார்த்த பதினாலு பேர்ல நானும் ஒருத்தன். திரும்பி வந்ததும் நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன், "விசாரிக்கிறோம்"னு ஒரு வரி பதில் வந்துச்சு, ரெண்டாவது தடவை எழுதினதுக்கு அதுவும் இல்ல. இப்போ இந்த அறிவிப்பு. இதுதான் பதில்னா இனிமே தனியா எழுதி பிரயோஜனம் இல்லன்னுதான் எல்லாருக்கும் சேர்த்து பொதுவுல எழுதுறேன்.

அந்த நிறுவனத்தோட பேரை நான் சொல்லப் போறதில்ல. சொன்னா இது ஒரு ஆள் மேல வர்ற கோபமா முடிஞ்சிடும், மத்தவங்க எல்லாரும் "நாங்க அப்படி இல்ல"ன்னு நகர்ந்துடுவீங்க. பறவையோட பேரையும் சொல்லல, இடத்தையும் சொல்லல. பேரைச் சொன்னா இடத்தைக் கண்டுபிடிக்க தெரிஞ்சவங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

நான் பத்தொம்பது வருஷமா பறவை பார்க்கிறேன். ஒரே ஒரு பறவைக்காக ராத்திரி முழுக்க பயணம் பண்ணி, விடியறதுக்கு முன்னாடி இருட்டுல நின்னு, எதுவும் தெரியாம திரும்பி வந்து, அடுத்த வருஷம் மறுபடியும் அங்கேயே போயிருக்கேன். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு இனத்தைப் பார்க்கிற அந்த நிமிஷம், லைஃபர்னு சொல்லிக்கிறோமே அது, உடம்பு நடுங்குற மாதிரி ஒரு சந்தோஷம், அதை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஃபீபி ஸ்னெட்சிங்கர்னு ஒரு அமெரிக்க அம்மா, 1981ல தோல் புற்றுநோய்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் உலகம் பூரா பறவை தேடிப் போனாங்க, எட்டாயிரத்துக்கும் மேல இனங்களைப் பார்த்த முதல் ஆள் அவங்கதான், 1999ல மடகாஸ்கர்ல பறவை பார்க்கப் போன பயணத்துலயே சாலை விபத்துல இறந்தாங்க. அந்தப் பசி என்னன்னு எனக்கு நல்லாவே புரியும். அதனால "யாரும் போகாதீங்க, டூரே நடத்தாதீங்க"ன்னு சொல்ற ஆள் நான் இல்ல. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு பத்திதான், அந்த உத்தரவாதம்.

போன சீசன்ல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

மூணு வண்டியில போனோம். இடுப்பு உயரப் புதர், அதுல கூடு, குஞ்சு பொரிச்சு சில நாள்தான் ஆகியிருக்கும், கண்ணு கூட சரியா திறக்கல. கைடு எங்களை கூட்டிட்டுப் போய் நிறுத்தின இடத்துல இருந்து எட்டு அடி எடுத்து வச்சா கூட்டைத் தொடுற தூரம். கயிறு கட்டல, மறைப்பு எதுவும் இல்ல, பதினாலு பேரும் ஒரே வரிசையில ட்ரைபாட் வச்சு நின்னோம். ரெண்டு மூணு பேர் இலை மறைக்குதுன்னு சொன்னாங்க. கைடு போய் ரெண்டு கிளையை வெட்டினாரு, இன்னொண்ணை வளைச்சு கட்டினாரு. "இப்போ வெளிச்சம் நல்லா விழும்"னாரு. நல்லாதான் விழுந்துச்சு, அதுதான் பிரச்சினை, அதுவரைக்கும் நிழல்ல இருந்த குஞ்சுங்க மேல நேரா வெயில் விழுந்துச்சு.

தாய்ப் பறவை வாய்ல பூச்சியோட பக்கத்து மரத்துல வந்து உக்காந்துச்சு. எங்களைப் பார்த்துச்சு. கூட்டுக்கு வரல. ஒரு கிளையில இருந்து இன்னொரு கிளைக்கு போச்சு, வாலை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, எச்சரிக்கை குரல் விடாம குடுத்துச்சு. வாட்ச் பார்த்தேன், நாப்பது நிமிஷம் அந்தப் பூச்சியை வாய்ல வச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த வயசுக் குஞ்சுங்களுக்கு கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இரை வரணும், தாய் மேல உக்காந்து நிழல் குடுக்கணும், இறகு முளைக்காத உடம்பு வெயிலையும் தாங்காது குளிரையும் தாங்காது. இதெல்லாம் அங்க நின்ன பதினாலு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நானும் பதினொரு போட்டோ எடுத்தேன், முதல் இருபது நிமிஷம் நானும் வாயைத் திறக்கல, பணம் கட்டி இவ்வளவு தூரம் வந்திருக்கோமேங்கிற நெனப்புதான் காரணம், வேற எதுவும் இல்ல. அப்புறம்தான் "போதும், பின்னாடி போவோம்"னு சொன்னேன். கைடு குரலைத் தாழ்த்தி என்கிட்ட, "சார், இன்னும் நாலு பேருக்கு இரை ஊட்டுற ஷாட் கிடைக்கல, கிடைக்கலன்னா பணம் திருப்பிக் கேப்பாங்க"ன்னாரு.

அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்ல. அந்த மனுஷனுக்கு பறவை மேல அக்கறை இல்லாம இல்ல, அவரோட முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா அவர் மேல ஒரு உத்தரவாதத்தை ஏத்தி வச்சிருந்தீங்க, அதைக் காப்பாத்த அவருக்கு அந்தக் கூட்டை விட்டா வேற வழி இல்ல.

மறுநாள் காலையில போனப்போ கூடு காலி. காக்காதான் எடுத்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. முந்தின நாள் நாங்க கிளம்பும்போது ரெண்டு காக்கா அதே மரத்துக்கு வந்து உக்காந்ததை பார்த்தேன், அவ்வளவுதான். ஆனா மனுஷங்க கூட்டமா எங்க நின்னு எதைப் பார்க்கிறாங்கன்னு கவனிக்கிற புத்தி காக்கா இனத்துக்கு உண்டு, புதர்ல இலையே இல்லன்னா தேட வேண்டிய வேலை கூட கிடையாது. அன்னைக்கு வண்டியில யாரும் பேசல. ஆனா சாயங்காலம் அந்த டூரோட இணையப் பக்கத்துல அந்தக் கூட்டுப் படம் ஏறிடுச்சு, கூடு காலியானதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

இப்போ உங்ககிட்ட நேரா கேக்கிறேன். அரிய பறவைன்னா என்ன? தேடிப் போனாலும் கிடைக்காம போகக்கூடிய பறவைதானே. அதை எப்படி நூறு சதவீதம் காட்டுவீங்க? வழி ரொம்ப கம்மி. ஒண்ணு கூடு, ஏன்னா கூடு கட்டின பறவை மட்டும்தான் ஒரே இடத்துக்கு திரும்பத் திரும்ப வந்தாகணும், அது தப்பிக்க முடியாத நேரம் அது. ரெண்டாவது பிளேபேக், பதிவு பண்ணின குரலைப் போட்டு வரவைக்கிறது. மூணாவது இரை வச்சு இழுக்கிறது. நாலாவது பறவை எந்திரிக்கிற வரைக்கும் புல்லுக்குள்ள நடந்து விரட்டுறது. உத்தரவாதம்னு எழுதின உடனே இந்த நாலுல ஒண்ணுக்கு நீங்க கையெழுத்து போட்டுட்டீங்க.

பிளேபேக் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஒரு தடவை குரல் போட்டு, பறவை தலை காட்டினதும் நிறுத்துறவங்க இருக்காங்க, அதை நான் பெருசா குத்தம் சொல்ல வரல. ஆனா நான் ஒரு ராத்திரிப் பறவைக்காக போன பயணத்துல ஸ்பீக்கர் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிச்சு. ஆண் பறவைக்கு அது பாட்டு இல்ல, தன்னோட எல்லைக்குள்ள இன்னொரு ஆண் புகுந்துட்டான்னு சேதி. இரை தேடுற வேலையை விட்டுட்டு, ஜோடியை விட்டுட்டு, இல்லாத எதிரியோட சண்டை போட வருது. வந்து பார்த்தா யாரும் இல்ல, ஆனா குரல் நிக்கல. நாங்க போன மறுநாள் வேற குழு அதே மரத்தடிக்கு வந்துச்சு, அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. ஒவ்வொரு குழுவும் "நாங்க கொஞ்சம்தான் போட்டோம்"னு சொல்லும், சொல்றது உண்மையாவும் இருக்கும், ஆனா அந்தப் பறவைக்கு எல்லாம் சேர்த்து ஒரே சீசன்.

வழிதவறி வந்த பறவைகள் விஷயம் வேற மாதிரி. புயல்ல அடிச்சு, இல்ல திசை மாறி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து ஒல்லியாகி வந்து இறங்கியிருக்கும், உடம்புல சேர்த்து வச்ச கொழுப்பு பூரா தீர்ந்திருக்கும். அதை ஒரு தடவை எழுப்பி பறக்க விட்டா அது தின்னு சம்பாதிச்சதை நாம பிடுங்கின மாதிரி. சேத்துமேட்டுல இறங்கின ஒரு கரைப்பறவையை ஒரே காலையில ஏழு தடவை எழுப்பினதை நான் எண்ணியிருக்கேன், "பறக்கிற ஷாட்" வேணும்னு. எட்டாவது தடவை அது போயே போச்சு. மத்தியானம் வந்து சேர்ந்தவங்க எங்ககிட்ட "இருக்கா"ன்னு கேட்டப்போ தலை குனிஞ்சுக்கிட்டுதான் நின்னோம்.

கூட்டம் வந்தாலே கெடுதல்னு நான் சொல்லல. 1989ல இங்கிலாந்துல கென்ட் பக்கம் ஒரு கோல்டன் விங்டு வார்ப்ளர் வந்துச்சு, அட்லாண்டிக் தாண்டி வந்த ஒத்தைக் குருவி, ஒரு சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங்கும் வீடுகளும் இருக்கிற இடத்துல. ஆயிரக்கணக்கான பேர் வந்து பார்த்தாங்க, அதுக்கு அப்புறமும் அது வாரக்கணக்குல அங்கேயே இரை தேடிக்கிட்டு இருந்துச்சு. தலை எண்ணிக்கையை விட எவ்வளவு கிட்ட போறோம், எவ்வளவு நேரம் நிக்கிறோம், எந்த நேரத்துல போறோம்கிறதுதான் முக்கியம்.

நல்லா செஞ்சு காட்டினவங்க இருக்காங்க, அதையும் நீங்க பார்க்கணும். ஸ்காட்லாந்துல விரால் அடிப்பான்னு மீன் பிடிச்சுத் திங்கிற ஒரு பெரிய பறவை, இனப்பெருக்கமே இல்லாம போய், 1950கள்ல திரும்ப வந்து லாக் கார்டன்ங்கிற ஏரிப் பக்கம் கூடு கட்ட ஆரம்பிச்சுது. 1958ல முட்டை சேர்க்கிற ஆள் ஒருத்தன் ராத்திரியில ஏறி முட்டையை நாசம் பண்ணிட்டான். அடுத்த வருஷம் அந்த நாட்டு பறவைப் பாதுகாப்புச் சங்கம் ரகசியமா வைக்கிறதுக்கு பதிலா மக்களுக்கு திறந்து விட்டாங்க, ஆனா எப்படி? தூரத்துல மறைப்பு கட்டி, டெலஸ்கோப் வச்சு, ராத்திரி பகல் காவல் போட்டு. அந்த ஒரே வருஷம் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தாங்க, குஞ்சுங்களும் பறந்து போச்சு. அமெரிக்காவுல மிச்சிகன்ல கர்ட்லண்ட்ஸ் வார்ப்ளர்னு ஒரு குருவி, 1974லயும் 1987லயும் கணக்கெடுத்தப்போ பாடுற ஆண்கள் வெறும் 167தான். அதோட காட்டுக்குள்ள கூடு கட்டுற காலத்துல கண்டபடி நுழைய முடியாது, வழிகாட்டியோட குழுவா ரோட்டுல நின்னு பார்க்கலாம். 2019ல அது அழியும் அபாயப் பட்டியல்ல இருந்தே வெளிய வந்துடுச்சு. காட்டை அதுக்கேத்த மாதிரி பராமரிச்சதுதான் முக்கிய காரணம், பார்க்க வந்தவங்க அதுக்கு குறுக்க நிக்கலங்கிறதும் உண்டு.

சில நேரம் சொல்லாம இருக்கிறதும் வேலைதான். ஆஸ்திரேலியாவுல நைட் பேரட்னு ஒரு கிளி, உசுரோட யாரும் படமே எடுக்காம இருந்து 2013ல குயின்ஸ்லாந்துல படம் எடுத்தாங்க, இடத்தை வெளிய சொல்லல, அப்புறம் அந்த நிலத்தையே ஒரு பாதுகாப்பு அமைப்பு வாங்கி காவல் போட்டுது. உலகம் பூரா பறவைப் பதிவு போடுற இபேர்ட் கூட ஆபத்துல இருக்கிற சில இனங்களுக்கு சரியான இடத்தை பொதுவுல காட்டுறதில்ல, 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் சதுரமா மங்கலாக்கித்தான் காட்டுது. அவங்க அப்படி மறைச்சு வைக்கிறதை நீங்க குரூப்ல லொகேஷன் பின் போட்டு அனுப்புறீங்க.

நீங்க சொல்ற பதில்கள் எனக்குத் தெரியும். கஸ்டமர் கேக்கிறாங்கன்னு சொல்வீங்க. கேக்கிறாங்க, உண்மைதான், நானும் அந்தக் கஸ்டமர்தான். ஆனா கேக்கிறவங்களுக்கு முதல்ல "கிடைக்கும்"னு சொல்லிக் குடுத்தது யாரு? நாங்க போகலன்னா இன்னொருத்தர் போவாருன்னு சொல்வீங்க. அதனாலதான் இந்த மடல் ஒருத்தருக்கு இல்லாம எல்லாருக்கும். அங்க இருக்கிற ஜனங்களோட பொழைப்புன்னு சொல்வீங்க, அதுலதான் உங்களோட நானும் சேர்ந்து நிப்பேன். ஈக்வடார்ல ஆங்ஹெல் பாஸ்னு ஒரு விவசாயி, காட்டுக்குள்ள ஒளிஞ்சே வாழ்ற ஜயன்ட் ஆன்ட்பிட்டாங்கிற பறவையை மண்புழு குடுத்து பொறுமையா பழக்கி, மரியான்னு பேரும் வச்சு, அதைப் பார்க்க வர்றவங்களை வச்சு தன்னோட காட்டையே காப்பாத்தினாரு. இரை வச்சுதானே காட்டினாருன்னு கேப்பீங்க. ஆமா, ஆனா அந்தக் காட்டுலயே வாழ்ற ஒரே ஆள், தெனமும், அதோட வேகத்துக்கு பழக்கினது அது, வந்து போற பத்து குழு பத்து விதமா இழுக்கிறது இல்ல. அந்தப் பறவை அடுத்த வருஷமும் இருக்கணும்கிற கவலை முதல்ல அவருக்குத்தான். நீங்க கூட்டைக் கெடுத்துட்டு அடுத்த இடத்துக்கு போயிடுவீங்க, அந்த ஊர் கைடு எங்க போவாரு?

கிரேட் ஆக்ங்கிற பறக்க முடியாத கடல் பறவை அழிஞ்ச கதை தெரிஞ்சிருக்கும். 1844ல ஐஸ்லாந்து பக்கத்துல எல்டேங்கிற பாறைத்தீவுல கடைசியா தெரிஞ்ச ஜோடியைக் கொன்னாங்க, முட்டையும் உடைஞ்சுது. திங்கிறதுக்காக இல்ல, அரியதாகிப் போச்சுங்கிறதாலயே சேகரிக்கிறவங்க விலை குடுக்கத் தயாரா இருந்தாங்க. நாம துப்பாக்கி எடுத்துட்டு போகல, கேமராதான். ஆனா அரிதாக ஆக விலை ஏறுற கணக்கு மட்டும் மாறல. ஸ்லெண்டர் பில்டு கர்லூங்கிற கரைப்பறவையை 1995ல மொராக்கோவுல மெர்ஜா ஜெர்கா உப்பங்கழியில பார்த்ததுதான் சந்தேகமில்லாத கடைசிப் பதிவு. அது அழிஞ்சது பறவை பார்க்கிறவங்களால இல்ல, வேட்டையும் வாழிடம் போனதும்தான் காரணமா சொல்றாங்க. ஆனா கடைசியா பார்த்தவங்களுக்கு அதுதான் கடைசின்னு தெரியாது பாருங்க. நான் எடுத்த பதினொரு போட்டோவும் இன்னும் என்கிட்ட இருக்கு, யாருக்கும் காட்டல.

எனக்குக் கிடைச்ச நல்ல பயணம் ஒண்ணையும் சொல்லணும், இல்லன்னா உங்க தொழிலுக்கே நான் விரோதி மாதிரி ஆயிடும். ஒரு கைடு, நாலு நாள், நாங்க மூணு பேர். முதல் நாளே சொல்லிட்டாரு, "பார்த்தாலும் பார்ப்போம், பார்க்காமலும் போவோம், ஸ்பீக்கர் என்கிட்ட கிடையாது." மூணு நாள் காலையும் மாலையும் ஒரே ஓடைக்கரையில உக்காந்திருந்தோம். அந்த மூணு நாள்ல அந்தப் பறவையோட வாழ்க்கையே அவர் எங்களுக்கு சொல்லிக் குடுத்தாரு, எச்சம் எங்க விழும், எந்தப் பழம் பழுத்தா எந்தப் பக்கம் நகரும், குரல்ல எது கூப்பிடுறது எது மிரட்டுறதுன்னு. நாலாம் நாள் விடியக்காலம் அதுவாவே வந்து தண்ணி குடிச்சுது, இருபது செகண்டு இருக்கும், போயிடுச்சு. போட்டோ இல்ல. இந்தப் பத்தொம்பது வருஷத்துல நான் நல்லா பார்த்த பறவை எதுன்னு கேட்டா அதைத்தான் சொல்வேன். அது அன்னைக்கு வராமலே இருந்திருந்தாலும் அவர்கூட மறுபடியும் போயிருப்பேன். போறேன். இந்த மாதிரி கைடுகளுக்குத்தான் உங்க உத்தரவாத விளம்பரத்தால ஆள் குறையுது.

நான் கேக்கிறது இதுதான்.

முதல்ல விளம்பரத்துல இருந்து "உத்தரவாதம்"ங்கிற வார்த்தையையும், பறவை தெரியலன்னா பணம் வாபஸ்ங்கிற பேரத்தையும் எடுங்க. எத்தனை டூர் போனீங்க, அதுல எத்தனையில பறவை தெரிஞ்சுதுன்னு உண்மைக் கணக்கை மட்டும் போடுங்க, எங்களுக்கு அது போதும்.

கூட்டைக் காட்டுற டூரை நிறுத்துங்க. வழியில கூடு எதேச்சையா தெரிஞ்சா தாய் திரும்பி வர்ற தூரத்துக்கு எல்லாரையும் பின்னாடி கூட்டிட்டு வாங்க, ஒரு இலையைக் கூட வெட்டவோ கட்டவோ கூடாது. தாய் வாய்ல இரையோட தயங்கினா அந்த நிமிஷமே கிளம்பணும், யாருக்கு ஷாட் கிடைச்சுது கிடைக்கலன்னு பார்க்காம.

ஆபத்துல இருக்கிற இனங்களுக்கும், கூடு கட்டுற காலத்துல எந்த இனத்துக்கும் பிளேபேக் வேண்டாம். ஒரே இடத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை குழு போறதுன்னு நீங்களே உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, ஒருத்தருக்கொருத்தர் நம்பர் தெரியாதவங்க இல்ல நீங்க.

லொகேஷன் பின்னை குரூப்ல அனுப்பாதீங்க. போட்டோ போடும்போது அதுல இருக்கிற ஜிபிஎஸ் தகவலை எடுத்துட்டு போடுங்க, கூட்டுப் படத்தை போடவே போடாதீங்க.

"போதும்"னு சொல்ற அதிகாரம் கைடுக்கு இருக்குன்னு எங்ககிட்ட பணம் வாங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல குடுங்க, அப்படி அவர் நிறுத்தினா அவரோட கூலியில ஒரு பைசா குறையாதுன்னும் சேர்த்து எழுதுங்க. அன்னைக்கு என்கிட்ட குரலைத் தாழ்த்திப் பேசின அந்த மனுஷன் கையில இப்படி ஒரு தாள் இருந்திருந்தா அவரே எங்களை வெளிய கூட்டிட்டு வந்திருப்பாரு.

கடைசியா, போன சீசன்ல அந்தக் கூடு என்ன ஆச்சுன்னு அந்த டூருக்கு வந்த எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க, அந்தப் படத்தை எடுங்க, அடுத்த சீசனுக்கான அந்த அறிவிப்பை வாபஸ் வாங்குங்க. அந்தப் பறவை கூடு கட்ட ஆரம்பிக்கிறதுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி உங்க பதிலை எனக்கு மட்டும் அனுப்பாம பொதுவுல போடுங்க.